டன்பார் பள்ளி: ஓர் எல்லைக்கோடு செய்த வேலை

அமெரிக்க ராணுவத்தின் முதல் கறுப்பினத் தளபதி பெஞ்சமின் டேவிஸ். முதல் கறுப்பினக் கூட்டாட்சி நீதிபதி வில்லியம் ஹேஸ்டி. முதல் கறுப்பின மத்திய அமைச்சர் ராபர்ட் வீவர். மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் கறுப்பினச் செனட்டர் எட்வர்ட் ப்ரூக். ரத்த பிளாஸ்மாவைச் சேமித்து வைக்கும் முறையை வளர்த்து, ரத்த வங்கிக்கு வழி செய்த மருத்துவர் சார்லஸ் ட்ரூ. இந்த ஐந்து பேரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அதுவும் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி இல்லை, வாஷிங்டன் நகரத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று இருந்த அரசுப் பள்ளியான டன்பார்.

அதே பள்ளி 1970-களில், "பழைய பெருமை பேசி என்ன பயன்?" என்று ஊரே கேட்கும் நிலைக்கு வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் உண்டு. இனப்பிரிவினை ஒழிந்தது, பள்ளியும் கெட்டது என்பது ஒன்று. அது எப்போதுமே வசதியானவர்களின் பள்ளிதான், அவர்கள் போனதும் பெருமையும் போயிற்று என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954-இல் வந்த நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ஓர் அலுவலகத்தில் வரைபடத்தின் மேல் இழுக்கப்பட்ட கோட்டை இரண்டுமே கவனிப்பதில்லை. இந்தப் பள்ளியின் கதையை அந்தக் கோட்டை மனதில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

நிலவறையில் நாலு பேர்

வாஷிங்டன் எந்த மாநிலத்திலும் சேராத நகரம். நாடாளுமன்றத்தின் நேரடி ஆளுகையில் இருந்தது. அதனால் லிங்கனின் விடுதலைப் பிரகடனத்துக்கு எட்டரை மாதம் முன்பே, 1862 ஏப்ரலில், இங்கே அடிமைமுறை ஒழிந்தது. அதே ஆண்டில் கறுப்பினப் பிள்ளைகளின் படிப்புக்கும் சட்டம் வந்தது. அவர்களுக்குத் தனிப் பள்ளிகள், அவற்றை நடத்தத் தனி அறங்காவலர்கள். அந்த அறங்காவலர்களில் முக்கியமானவர் வில்லியம் சைஃபக்ஸ். அவருடைய முயற்சியில் 1870 நவம்பரில், பதினைந்தாம் தெருவில் இருந்த ஒரு பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்தின் நிலவறையில் உயர்நிலைப் பள்ளி ஒன்று தொடங்கியது. சேர்ந்தவர்கள் நாலு பேர். கறுப்பினத்தவருக்காக அமெரிக்காவில் அமைந்த முதல் அரசு உயர்நிலைப் பள்ளி அதுதான்.

முதல் இருபது வருடம் அதற்கு நிலையான இடம் கிடையாது. ஸ்டீவன்ஸ் பள்ளி, சம்னர் பள்ளி, மைனர் பள்ளி என்று வாடகைக் குடித்தனக்காரர் மாதிரி மாறிக்கொண்டே இருந்தது. இன்னொரு விசித்திரமான சிக்கலும் இருந்தது. கீழ் வகுப்புகளுக்கு ஆசிரியர்கள் அவ்வளவு தட்டுப்பாடு. ஓரளவு படித்த பிள்ளை என்றாலே பாதியில் பிடித்துக்கொண்டு போய் ஆசிரியர் வேலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் படிப்பை முடித்துப் போகிற ஒரு வகுப்பைப் பார்ப்பதே கடினமாயிற்று. முதல் பட்டமளிப்பு விழா 1877-இல்தான் நடந்தது.

தொடக்கத் தலைமையாசிரியர்களைப் பார்த்தால் இது எப்படிப்பட்ட பள்ளியாக ஆகப்போகிறது என்பது அப்போதே தெரிகிறது. மேரி ஜேன் பேட்டர்சன், அமெரிக்காவில் இளங்கலைப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். 1862-இல் ஓபர்லின் கல்லூரியில் முடித்தவர். நடுவில் ஒரு வருடம் பொறுப்பேற்ற ரிச்சர்ட் க்ரீனர், ஹார்வர்ட் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். அவர் போனதும் பேட்டர்சனே திரும்ப வந்து 1884 வரை பள்ளியை நடத்தினார்.

எம் தெரு

1891-இல் எம் தெருவில் சொந்தக் கட்டடம் வந்தது. ஊர்க்காரர்கள் பள்ளியின் பெயரையே 'எம் தெருப் பள்ளி' ஆக்கிவிட்டார்கள். 1899-இல் நகரத்தின் நாலு பொதுக்கல்வி உயர்நிலைப் பள்ளிகளுக்கும் ஒரே தேர்வு வைத்தார்கள். மூன்று வெள்ளையர் பள்ளிகள், ஒன்று இது. அந்த மூன்றில் இரண்டைவிட எம் தெருப் பிள்ளைகளின் சராசரி மதிப்பெண் அதிகம். அடிமைமுறை ஒழிந்து அப்போது முப்பத்தேழு வருடம்தான் ஆகியிருந்தது.

பள்ளியின் புகழைப் போலவே தொல்லைகளும் உச்சத்துக்குப் போனது அன்னா ஜூலியா கூப்பர் தலைமையாசிரியராக இருந்த காலத்தில். 1858-இல் வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். ஓபர்லினில் கணிதம் படித்து முதுகலைப் பட்டமும் வாங்கியவர். 1902-இல் பொறுப்புக்கு வந்தார். அவர் காலத்தில் இங்கிருந்து பிள்ளைகள் ஹார்வர்ட், பிரௌன், ஓபர்லின் என்று போய்ச் சேர்ந்தார்கள். 1903-இல் ஃபெலிக்ஸ் க்ளைன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பள்ளியைப் பார்க்க வந்தபோது, கூப்பர் வகுப்பில் வர்ஜிலின் லத்தீன் கவிதையை நடத்திக்கொண்டிருந்தார். பாதிரியார் அசந்துபோய் அதைத் தன் பயணக் குறிப்புகளில் எழுதி வைத்தார்.

எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. கறுப்பினத்தவருக்கு லத்தீன் எதற்கு, தச்சும் தையலும் போதாதா என்று கேட்ட காலம் அது. கைத்தொழில் கல்விதான் முதலில் என்று சொன்ன கறுப்பினத் தலைவர் புக்கர் வாஷிங்டனின் குரலுக்கு வெள்ளை மாளிகை வரை செல்வாக்கு இருந்தது. அதை எதிர்த்தவர் கறுப்பின அறிஞர் டூபாய்ஸ். அவர் இந்தப் பள்ளிக்கே வந்து, கறுப்பினப் பிள்ளைகளின் பாடத்திட்டத்தைக் குறைக்கும் போக்கைக் கண்டித்துப் பேசினார். அதற்குள் 1900-இல் நிர்வாகம் மாற்றப்பட்டு, கறுப்பினப் பள்ளிகளைத் தனியாக மேற்பார்த்த கறுப்பினக் கண்காணிப்பாளர் பதவி போய்விட்டது. இப்போது கூப்பருக்கு மேலே ஒரு வெள்ளை இயக்குநர். உயர்நிலைப் பள்ளிகளின் இயக்குநரான பெர்சி ஹியூஸ், பள்ளியில் ஒழுங்கு சரியில்லை, பிள்ளைகளின் தரத்துக்குப் பாடநூல் ஒத்துவரவில்லை என்று புகார் வைத்தார். விசாரணை நடந்தது. இடையில் கூப்பரின் சொந்த வாழ்க்கையைப் பற்றியும் கிசுகிசு கிளப்பினார்கள். ஹார்வர்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தவருக்குத்தான் தரம் போதவில்லை என்ற குற்றச்சாட்டு! 1906-இல் அவரை மறுபடி நியமிக்கவில்லை.

அவர் மிசௌரியில் ஒரு கல்லூரிக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டு, 1910-இல் இதே பள்ளிக்குத் திரும்பினார். தலைமையாசிரியராக இல்லை, லத்தீன் ஆசிரியராக. பெற்றோரை இழந்த ஐந்து உறவுப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, கோடை விடுமுறைகளில் கொலம்பியாவில் படித்து, கடைசியில் 1925-இல் பாரிஸின் சோர்போனில் முனைவர் பட்டம் வாங்கினார். அப்போது வயது 66. அதற்கப்புறம் இன்னும் 39 வருடம் வாழ்ந்தார்.

ஏன் இவ்வளவு படித்த ஆசிரியர்கள்?

1921-இல் ஒரே ஆண்டில் மூன்று கறுப்பினப் பெண்கள் முனைவர் பட்டம் பெற்றார்கள். அமெரிக்க வரலாற்றில் அவர்கள்தான் முதல் மூவர். சிகாகோவில் பெற்ற ஜார்ஜியானா சிம்ப்சன் இந்தப் பள்ளியின் ஆசிரியர். ராட்க்ளிஃபில் பெற்ற ஈவா டைக்ஸ் இங்கே படித்து, இங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். பென்சில்வேனியாவில் பெற்ற சாடி மோசெல் இங்கே படித்தவர். நாலாவதாக எண்ணப்படுபவர் கூப்பர். முதல் நாலு பேருமே ஒரே பள்ளியோடு ஒட்டியவர்கள்.

ஆண்களிலும் அப்படித்தான். கார்ட்டர் வுட்சன் 1909 முதல் இங்கே மொழிப் பாடங்களும் வரலாறும் நடத்தினார். மாலையில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தில் உட்கார்ந்து ஆய்வு. 1912-இல் ஹார்வர்ட் முனைவர் பட்டம் கிடைத்த பிறகும் இதே பள்ளியில்தான் சாக்பீஸ் பிடித்துக்கொண்டிருந்தார். பிப்ரவரி மாதத்தில் இன்றும் அமெரிக்கா கொண்டாடும் கறுப்பின வரலாற்று மாதம், இவர் 1926-இல் தொடங்கிய ஒரு வாரக் கொண்டாட்டத்திலிருந்து வளர்ந்தது.

ஹார்வர்டில் முனைவர் முடித்தவர் ஏன் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்க வேண்டும்? வேறு கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான். வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் அவரைப் பேராசிரியராக எடுக்காது. கறுப்பினக் கல்லூரிகள் சில இருந்தன. பல இடங்களில் சம்பளம் சொற்பம். வாஷிங்டனிலோ பள்ளி ஆசிரியர் கூட்டாட்சி அரசின் பணத்தில் சம்பளம் வாங்குபவர். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஒரே ஊதிய விகிதம். தென்மாநிலங்களில் கறுப்பின ஆசிரியருக்குப் பாதிச் சம்பளம் கிடைத்தாலே பெரிது என்றிருந்த காலத்தில் இது சாதாரண விஷயமா? நாட்டிலேயே சிறந்த படிப்பாளிகள் வந்து இந்த ஒரே வாசலில் நின்றார்கள், பள்ளியும் அவர்களில் பொறுக்கி எடுத்துக்கொண்டது.

ஆக, பள்ளியின் பெருமைக்குப் பின்னால் ஒரு பெரிய அநியாயம் இருந்தது. இதை மறந்துவிட்டு "அந்தக் காலத்து ஆசிரியர்கள்போல வருமா" என்று பெருமூச்சு விடுவது அர்த்தமில்லாதது. வுட்சனுக்கு உரிய இடம் ஒரு பல்கலைக்கழகம்.

நகரத்துக்கே ஒரு பள்ளி

1916-இல் ஃபர்ஸ்ட் தெருவில், பழைய ஆங்கிலேய மாளிகையின் சாயலில் பெரிய செங்கல் கட்டடம் எழுந்தது. பத்து வருடம் முன்பு இறந்துபோன கவிஞர் பால் லாரன்ஸ் டன்பாரின் பெயரை வைத்தார்கள்.

பெயரைவிட முக்கியமானது, பள்ளி நகரத்தில் வகித்த இடம். 1902-இல் ஆம்ஸ்ட்ராங் தொழிற்கல்விப் பள்ளி தனியாகத் தொடங்கியிருந்தது. பிறகு வணிகப் பாடங்களுக்கு கார்டோசோ பள்ளி. கல்லூரிக்குப் போக விரும்பும் கறுப்பினப் பிள்ளை வாஷிங்டனில் எந்த மூலையில் இருந்தாலும், அவனுக்கு அல்லது அவளுக்கு இருந்த ஒரே பள்ளி டன்பார். வீடு எங்கே இருக்கிறது என்பது கணக்கில் வராது. டிராமில் ஒரு மணி நேரம் வந்தாலும் சரி. மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் கறுப்பினப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியே இல்லாத ஊர்கள் இருந்தன. அங்கிருந்து பெரியம்மா வீட்டிலும் மாமா வீட்டிலும் தங்கிப் படித்தவர்கள் உண்டு. வருகிற பிள்ளை ஏற்கெனவே முடிவு செய்துகொண்டு வருகிறது. வீட்டிலும் அந்த முடிவுக்குத் துணை இருக்கிறது. படிப்பாளிகள் நிறைந்த வகுப்பில் புதிதாக வருகிறவரும் படிப்பாளி ஆகிவிடுவார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை.

அரசு ஊழியர், தபால்காரர், வீட்டு வேலைக்காரர், சமையல்காரர் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள் என்று பின்னாளில் கணக்கெடுத்துக் காட்டினார்கள். நம்பலாம். ஆனால் நிறம் பற்றிய புகாரும் பொய் இல்லை. வாஷிங்டனின் பழைய கறுப்பினக் குடும்பங்களில் வெளிர்நிறத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது. அந்த ஏற்றத்தாழ்வு பள்ளி வாசலில் செருப்போடு கழன்றுவிடவில்லை. கருத்த நிறத்து ஏழைப் பிள்ளைக்கு டன்பார் எல்லா நாளும் சொர்க்கமாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. "டன்பார் ஆட்கள்" என்பது நகரத்தின் பல தெருக்களில் பாராட்டாகச் சொல்லப்பட்ட பெயர் இல்லை.

முடிதிருத்துபவரும் வழக்கறிஞரும்

அப்படிப்பட்ட ஒரு தெருவிலிருந்துதான் அடுத்த திருப்பம் வந்தது. கார்டனர் பிஷப், முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். நகரத்தின் கறுப்பின மேட்டுக்குடியில் அவருக்கு இடமில்லை, அவருக்கும் அவர்கள்மேல் பெரிய மரியாதை இல்லை. 1940-களின் கடைசியில் கறுப்பினப் பள்ளிகள் நிரம்பி வழிந்தன. ஒரே நாளில் இரண்டு, மூன்று சுற்றாக வகுப்பு நடத்தினார்கள். வெள்ளையர் பள்ளிகளிலோ காலியிடம். பிஷப் பெற்றோர்களைத் திரட்டினார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் போராட்டம் நடத்தினார்.

அவருக்கு வழக்கறிஞராக வந்தவர் சார்லஸ் ஹூஸ்டன். எம் தெருப் பள்ளியில் 1911-இல் முடித்து, ஆம்ஹர்ஸ்ட், ஹார்வர்ட் சட்டப் பள்ளி என்று போனவர். பள்ளிப் பிரிவினையைச் சட்டத்தால் உடைக்கும் திட்டத்தின் மூளை. டன்பார் மரபின் உச்சம் என்று யாரையாவது காட்டச் சொன்னால் இவரைக் காட்டலாம். முடிதிருத்துபவரும் இவரும் சேர்ந்தது எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த இடம். ஆனால் ஹூஸ்டன் உடல்நலம் கெட்டு 1950-இல் இறந்துபோனார். ஜேம்ஸ் நேப்ரிட்டிடம் போங்கள் என்று பிஷப்பிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

1950 செப்டம்பர் 11 அன்று பிஷப் பதினொரு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, வெள்ளையருக்காகப் புதிதாகக் கட்டிய சூசா நடுநிலைப் பள்ளிக்குப் போனார். வகுப்பறைகள் சில காலியாகவே இருந்தன. இருந்தும் சேர்க்க மறுத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவரான ஸ்பாட்ஸ்வுட் போலிங்கின் பெயரால் தொடர்ந்த வழக்கில்தான், 1954 மே 17 அன்று, மாநிலங்களின் பள்ளிப் பிரிவினையை ரத்து செய்த புகழ்பெற்ற பிரௌன் தீர்ப்போடு சேர்த்து, வாஷிங்டனின் பள்ளிப் பிரிவினையும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

கோடு

இனி நான் முதலில் சொன்ன கோடு. தீர்ப்பு சொன்னது ஒன்றுதான்: இனத்தைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்காதே. பள்ளிகளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பது நிர்வாகத்தின் வேலை. நிர்வாகம் நகரத்தை வட்டாரங்களாகப் பிரித்து, அந்தந்த வட்டாரத்துப் பிள்ளைக்கு அந்தந்தப் பள்ளி என்று வைத்தது. பார்க்க நியாயமான ஏற்பாடு. ஆனால் இந்த ஒரே அடியில், நகரம் முழுவதற்கும் பொதுவாக இருந்த டன்பார், சுற்றியிருக்கும் சில தெருக்களின் பள்ளியாகச் சுருங்கியது. அந்தத் தெருக்கள் அப்போதே ஏழ்மையில் இருந்தவை. கல்லூரியை நினைத்துக்கொண்டு நகரத்தின் மறுகோடியிலிருந்து வந்த பிள்ளை இனி வர முடியாது. டன்பாரில் லத்தீனும் உயர்கணிதமும் சொல்லிக்கொடுத்தே பழகிய ஆசிரியர்களின் முன்னால், ஆரம்பப் பள்ளியில் ஒழுங்காக வாசிக்கக் கற்றுத் தரப்படாத பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று சுற்று வகுப்புகளில் படித்து வந்தவர்கள் அவர்கள்.

இதோடு மற்றவையும் சேர்ந்துகொண்டன. வுட்சன் காலத்தில் மூடியிருந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. புதிதாக முனைவர் பட்டம் பெற்றவருக்குப் பள்ளி வேலையைத் தேடி வர அவசியமில்லை. பழைய ஆசிரியர்கள் ஓய்வு பெற்றார்கள். வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள், பின்னாலேயே வசதியுள்ள கறுப்பினக் குடும்பங்களும் இடம்பெயர்ந்தன. 1960-களின் இறுதியில் நகரத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் கறுப்பினத்தவர். சேர்த்துப் படிக்க வைப்பதற்கு மறுதரப்பே இல்லை. பின்னாளில் நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளரான ஹேன்சன் 1956-இல் உயர்நிலைப் பள்ளிகளில் கொண்டுவந்த நாலு தடத் திட்டம் பிள்ளைகளைத் தரம்வாரியாகப் பிரித்தது. ஏழைப் பிள்ளைகள் கீழ்த்தடத்திலேயே தேங்குகிறார்கள் என்று 1967-இல் நீதிபதி ஸ்கெல்லி ரைட் அதை ரத்து செய்தார். மறுவருடம் மார்ட்டின் லூதர் கிங் கொலைக்குப் பிறகு மூண்ட கலவரத்தில் பள்ளியிலிருந்து சில தெருக்கள் தள்ளியிருந்த கடைவீதி எரிந்தது.

தீர்ப்பு வந்துதான் பள்ளி கெட்டது என்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். தீர்ப்புக்குப் பிறகும் டன்பாரை எல்லா இனத்துக்கும், எல்லா வட்டாரத்துக்கும் திறந்த பள்ளியாக வைத்திருக்கத் தடை என்ன? நியூயார்க்கில் அப்படி நகரம் முழுவதற்குமான தேர்வுப் பள்ளிகள் அப்போதே இருந்தன. டன்பாரைப் பற்றி அப்படி யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் அது கறுப்பினப் பள்ளிதானே என்று விட்டுவிட்டார்கள். 1981-இல்தான் வாஷிங்டன் நகரம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் பானிகர் பள்ளியைத் தொடங்கியது. யோசனை டன்பாருடையது, கட்டடம் வேறு, பெயரும் வேறு.

கட்டடங்கள்

1977-இல் 1916 கட்டடத்தை இடித்தார்கள். பழைய மாணவர்கள் எதிர்த்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. இடித்த இடம் கால்பந்து மைதானமாயிற்று. பக்கத்தில் அந்தக் காலத்து நாகரிகப்படி கான்கிரீட்டில் புதுக் கட்டடம். அதில் வகுப்பறைகளுக்குச் சுவர் கிடையாது. திறந்தவெளி வகுப்பு என்பது அப்போது கல்வியாளர்களின் மோகம். ஒரு மூலையில் கணிதம் நடக்கும்போது அடுத்த மூலையின் வரலாறு காதில் விழும். ஆசிரியர்கள் அலமாரிகளையும் தடுப்புப் பலகைகளையும் நகர்த்தித் தாங்களாகவே சுவர் எழுப்பிக்கொண்டார்கள். உள்ளே மாடிக்கு மாடி போக இருண்ட சாய்தளங்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்று கண்காணிக்கவே முடியாது.

2008-இல் பள்ளியை நடத்தும் பொறுப்பை வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுத்தார்கள், இரண்டு வருடத்தில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 2013 ஆகஸ்டில் பத்துக் கோடி டாலருக்கும் மேல் செலவில் மூன்றாவது கட்டடம் திறந்தது. அதை மைதானத்தின் மேல், அதாவது 1916 கட்டடம் நின்ற இடத்திலேயே எழுப்பி, 1977 கட்டடத்தை இடித்து அங்கே மைதானத்தைப் போட்டார்கள். அப்போதைய மேயர் வின்சென்ட் கிரே, 1959-இல் இதே பள்ளியில் முடித்தவர்; கோடு போட்டபின் வந்த வகுப்பு அது.

புதுக் கட்டடத்தின் தரையில் ட்ரூ, ஹேஸ்டி, ஹூஸ்டன் என்று பழைய மாணவர்களின் பெயர் பொறித்த பலகைகளைப் பதித்திருக்கிறார்கள். சில பலகைகளில் பெயர் இல்லை. இப்போது படிக்கிறவர்களுக்காக விட்டுவைத்தது என்கிறார்கள். அந்தத் தரையில் பிள்ளைகள் தினமும் நடக்கிறார்கள்; டன்பார் இன்னமும் அந்த வட்டாரத்துப் பள்ளிதான்.